இருபத்தாறு மணி நேரம்

அத்தியாயம் 7

போன வாரம் முட்டி டாக்டரம்மாவை நாம் விட்டுவிட்டு வந்தது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மடிக்கணினிக்கு முன்னால். திரையில் அந்த மாத பில் திறந்திருந்தது. ‘மொத்தம்: ஐம்பத்தெட்டு மணி நேரம்’ என்ற வரியைப் பார்த்தபடி கையில் காபியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

உண்மையில் அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். மக்கர் பண்ணும் முட்டிகளையும் இறுகிப்போன தோள்களையும் கையால் பிடித்து வழிக்குக் கொண்டுவருகிறவள். வலி போன சந்தோஷத்தில் யாரோ ஒருவர் ‘முட்டி டாக்டரம்மா’ என்று கூப்பிட்டு வைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டு கையும் ஒருவர் முதுகில் இருக்கும்போது அடிக்கிற போனை யார் எடுப்பது? எடுக்க ஆளில்லாமல் வாரத்துக்கு நாலைந்து பேர் வேறு இடம் பார்த்துப் போக ஆரம்பித்தார்கள். அதனால்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு இணையதளம் மூலமாக ஒரு உதவியாளரை அமர்த்திக்கொண்டாள். எங்கோ வேறொரு ஊரில் தன் வீட்டில் இருந்தபடியே இவளுக்கு வரும் அழைப்புகளை எடுப்பாள், நேரம் குறிப்பாள், மெயிலுக்குப் பதில் போடுவாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. இருவருக்கும் நடுவில் எல்லாமே எழுத்துதான்.

டாக்டரம்மாவின் கணவர் அந்தப் பெண்ணுக்கு வைத்திருந்த பெயர் ‘ஆன்லைன் தங்கச்சி’.

அமர்த்தியபோது கணக்கு எளிதாகத்தான் இருந்தது. வரவேற்பறையில் ஒரு ஆளை உட்காரவைத்தால் முழு மாதச் சம்பளம், மேசை, நாற்காலி, லீவு, நல்லது கெட்டது என்று எல்லாம் உண்டு. இவளுக்கு வேலை பார்த்த மணிக்கு மட்டும் காசு. மாதம் முப்பது மணி வரைக்கும் ஒரு கட்டணம், அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. முதல் மாதம் இருபத்திரண்டு மணி ஆனது. அடுத்த மாதம் முப்பத்தொன்று. இந்த மாதம் ஐம்பத்தெட்டு.

“ஐம்பத்தெட்டா?” கணவர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுகளை ஓடவைப்பதும் அதற்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும் அவர் தொழில். “நான் ஆளையே வெளிய இழுத்துப் போட்டாலும் அரை மணி நேரம்தான் எழுதுவேன். அப்படி என்னத்த வெட்டி முறிச்சா உன் ஆன்லைன் தங்கச்சி?”

“கொஞ்சம் இருங்க, பாக்கறேன்.”

நோயாளிகளுக்கு நேரம் குறித்தது பதினாலு மணி. மெயில் ஒன்பது. கருவி விற்பவர்களோடு பேசியது ஆறு. ஞாபகப்படுத்தும் அழைப்புகள் மூன்று. அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடைசி வரி: ‘தனிப்பட்டது – அப்பா – இருபத்தாறு மணி நேரம்.’

கணவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். “உங்கப்பாவுக்கு குட் மார்னிங் சொல்ல இருபத்தாறு மணி நேரமா? நல்லா காதுல பூ சுத்தறா!”

டாக்டரம்மாவும் சிரித்தாள்.

அப்பாவின் காலைச் செய்திகளை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தது அவளேதான். அப்பா மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். ‘எங்களோட வந்துடுங்க’ என்று கூப்பிட்டால் பேச்சை மாற்றுவார். காது மந்தம் என்பதால் போனில் பேசமாட்டார். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் நீள நீளமாக எழுதி அனுப்புவார். குழாய் ஒழுகுவதில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதுவார். எதை எழுதினாலும் மூன்றாவது வரியில் அம்மா வந்துவிடுவாள். அம்மா போய் இரண்டு வருஷம். அந்த வரிகளைப் படித்துவிட்டு உடனே அடுத்தவர் முட்டியைப் பிடிக்க டாக்டரம்மாவுக்குக் கை வராது.

‘அப்பா எழுதினா நான் எழுதற மாதிரியே பதில் போட்டுடுங்க. சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரான்னு கேளுங்க. அஞ்சு நிமிஷ வேலை’ என்று அந்தப் பெண்ணுக்கு எழுதிவிட்டு, அப்பாவின் செய்தி வந்தால் தன் போனில் சத்தம் வராதபடி அணைத்தும் வைத்தாள். அதன் பிறகு மாதம் ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பாள். அப்பா நன்றாகத்தான் இருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்வார். ‘நீ தினமும் எழுதறதுதான் எனக்குத் தெம்பு’ என்பார். அதைக் கேட்டு அவளுக்குக் குற்ற உணர்ச்சி வந்தது உண்மை. அது காரில் ஏறும் வரைக்கும்தான் இருக்கும்.

“இதுல பாதியைத் திருப்பிக் கேளு. இல்லேன்னா இன்னியோட கணக்கை முடிச்சு அனுப்பு,” என்று கணவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “உன் பாஸ்வேர்டு எல்லாம் அவகிட்ட இருக்கு. இன்னிக்கு மணி நேரத்துல கை வைக்கிறவ, நாளைக்கு வேற எதுல வைப்பாளோ?”

அந்தக் கடைசி வார்த்தை டாக்டரம்மாவின் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

மருத்துவ அறைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெண்ணுக்கு எழுதினாள்: ‘அப்பாவுக்கு இருபத்தாறு மணி நேரம் எப்படி ஆச்சு? விளக்கம் வேணும்.’

பதில் உடனே வந்தது. ‘மேடம், பில்லோட எந்த நேரம் என்ன வேலைன்னு ஒரு நேரத்தாள் இணைச்சிருக்கேன். அதை முழுசாப் படிங்க. தயவுசெஞ்சு இப்பவே படிங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.’

நேரத்தாளைத் தொட்டாள். பதினொரு பக்கம். வாசலில் தோள்பட்டைக்காரர் வந்துவிட்டார். அவர் பாத்திரக் கடை முதலாளி. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் ஆறு வாரமாக வருகிறவர். தாளை மூடினாள்.

“என்ன டாக்டரம்மா, முகம் வாடியிருக்கு?”

அவர் கையை மெல்லச் சுழற்றியபடி விஷயத்தைச் சொன்னாள். அவர் வலியில் முனகிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

“ஆ... மெதுவா... கேள்வி கேட்டா பதினொரு பக்கத்தை நீட்டறாளா? எங்க கடைக் கணக்குல ஓட்டை விழுந்தப்பவும் இப்படித்தான். நேரா பதில் சொல்லத் தெரியாதவங்கதான் கட்டு கட்டா காகிதம் காட்டுவாங்க. கழட்டி விடுங்க.”

போன இரண்டு வாரமாகவே அந்தப் பெண் சரியில்லை என்று டாக்டரம்மாவுக்கு இப்போது தோன்றியது. மாலையில் அனுப்பும் அறிக்கையின் தலைப்பில் சிவப்பு எழுத்தில் ‘நீங்களே பார்க்க வேண்டியது’ என்று போட ஆரம்பித்திருந்தாள். ஒன்றிரண்டைத் திறந்தபோது ‘அப்பா’ என்று இருந்தது. குழாய், பக்கத்து வீடு, அம்மா என்று நினைத்து மற்றவற்றைத் திறக்காமலே ஒதுக்கியிருந்தாள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் மணிக்கணக்கை ஏற்றுவதற்கான வேலையா?

பத்து நாற்பதுக்கு, தோள்பட்டைக்காரர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, இணையதளத்தில் ‘சேவையை நிறுத்து’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

‘மாத இறுதியிலா, உடனடியாகவா?’ என்று அது கேட்டது.

உடனடியாக.

பாஸ்வேர்டுகளையும் மாற்றினாள். அந்தப் பெண்ணின் கணினியில் இவள் எண்ணும் இவள் மெயிலும் அந்த நொடியே மூடிக்கொண்டிருக்கும். மனத்தில் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது. போனை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அதற்கப்புறம் மேசைத் தொலைபேசி ஓயவில்லை. இரண்டு தடவை எடுத்தாள், நேரம் கேட்டவர்கள். மற்றபடி கை வேலையில் இருந்தது. இடுப்பு வலிக்காரம்மா குப்புறப் படுத்தபடியே, “எண் இல்லாம வருது பாருங்க. ஏதாவது விக்கறவங்களா இருக்கும், எடுக்காதீங்க,” என்றாள். எண் தெரியாத அந்த அழைப்பு பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஒன்பது தடவை வந்தது. எடுக்கவில்லை.

ஒரு மணிக்குக் கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மடிக்கணினியில் நேரத்தாளைத் திறந்தாள். பாதிக் காசைத் திருப்பிக் கேட்க ஆதாரம் வேண்டுமே. எங்கெங்கே பொய் எழுதியிருக்கிறாள் என்று குறித்துக்கொள்ள ஒரு பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

‘2-ஆம் தேதி, காலை 7.10 முதல் 7.15 வரை. வணக்கம். சாப்பிட்டாரா, மாத்திரை.’

‘3-ஆம் தேதி, காலை 7.10 முதல் 7.15 வரை. அதுவே.’

‘6-ஆம் தேதி, காலை 10.40 முதல் 11.30 வரை. மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி மறந்துவிட்டது. எதிரே தெரிவதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வரைபடத்தோடு ஒப்பிட்டு வழி சொன்னேன். வீட்டுக்குள் போய்ப் பூட்டும்வரை கூட இருந்தேன். மேடத்துக்குத் தெரிவித்தேன்.’

டாக்டரம்மா அந்த வரியை மறுபடியும் படித்தாள். முப்பது வருஷம் அந்தப் பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அப்பா. எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் நாய் இருக்கிறது என்பது வரைக்கும் சொல்வார். அவருக்கு மருந்துக்கடைக்கு வழி மறந்துவிட்டதா?

‘9-ஆம் தேதி, பகல் 12.00 முதல் 1.20 வரை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். திரும்பிப் போக வைத்தேன். அணைத்த அடுப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்த்தேன். மேடத்துக்குத் தெரிவித்தேன்.’

‘12-ஆம் தேதி, காலை 8.00 முதல் 8.35 வரை. மனைவி எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று கேட்டார். என்ன பதில் எழுத வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். “பிஸியா இருக்கேன், நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளிங்க” என்று பதில் வந்தது. அம்மாவைப் பற்றி நிறைய சொல்லுங்கள், கேட்கிறேன் என்று எழுதினேன். அவர் சொன்னார்.’

அவள் எழுதிய வார்த்தைகள்தாம். எழுதியது ஞாபகம் இருந்தது. எதற்காக எழுதினோம் என்பதுதான் ஞாபகம் இல்லை. எதைச் சமாளிக்கச் சொல்கிறோம் என்று, மேலே இருந்த கேள்வியை அன்றைக்குப் படித்துப் பார்க்கவில்லை.

பேனா எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. பதினைந்தாம் தேதிக்குப் பிறகு எல்லா வரியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியது. ‘10.45. மீட்டர் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்.’ ‘10.50. மீட்டர் பார்க்கப் போகிறார். ஓய்வு பெற்றுவிட்டதை எழுதினேன். கோபித்துக்கொண்டார். இனி அப்படி எழுதுவதில்லை. பத்திரமாகத் திரும்ப வைப்பது மட்டும் என் வேலை என்று வைத்துக்கொண்டேன்.’ தெரு தெருவாக, மூலை மூலையாக, வலம், இடம், நேர், நில்லுங்கள், அந்தப் பலகையைப் படம் எடுங்கள். தினம் ஒன்றரை மணி, இரண்டு மணி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதே ‘மேடத்துக்குத் தெரிவித்தேன்.’

கடைசிப் பக்கம். நேற்றைய தேதி.

‘இன்று ஒரு வீட்டுக்காரர் இவரைத் திருடன் என்று நினைத்துக் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். முழங்கையில் அடி. நாளை காலையும் போவேன் என்கிறார். என்னால் எழுத்தில் தடுத்து நிறுத்த முடியவில்லை. மேடம், நாளை பத்தரை மணிக்கு நீங்கள் அவர் வீட்டில் இருக்க வேண்டும். இதை மட்டுமாவது படியுங்கள்.’

சாப்பாட்டுப் பெட்டிக்கும் இழுப்பறைக்கும் நாலடி தூரம். அந்த நாலடியைத் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை.

போனில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பதினாலு செய்தி காத்திருந்தது.

10.52. ஒரு தெருமுனைப் படம். ‘இங்க இருக்கேன் வலமா இடமா’

10.58. ‘பாப்பா’

11.06. ஒரு நீலக் கதவின் படம். ‘இதைத் தாண்டிட்டேன் போல இருக்கு’

11.20. ‘வேலையா இருக்கியா சரி சரி’

11.31. ‘யாரோ பின்னாடி வராங்க மாதிரி இருக்கு திரும்பிப் பாத்தா இல்ல’

11.47. தரையும் பாதி செருப்பும் மட்டும் விழுந்த படம்.

அப்புறம் ஏழு தடவை ‘பாப்பா’.

12.09. சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு படிக்கட்டு. உள்ளே இருட்டு. ‘கதவு திறந்துதான் இருந்துது உள்ள வந்துட்டேன்’

அதோடு சரி. திருப்பி எழுதினாள். செய்தி போய்ச் சேரவில்லை. அவர் போன் அணைந்திருந்தது. மணி ஒன்று முப்பத்தைந்து.

கூப்பிட்டதும் கணவர் வேனோடு பத்தே நிமிஷத்தில் வந்தார். முன் இருக்கையில் ஏறியவள் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வண்டியை அப்பா இருக்கும் பகுதிக்குத் திருப்பினார்.

“இது எந்த இடம்?”

“தெரியலைங்க.”

“உங்கப்பா வீட்டுப் பக்கம்தானே? நீ வளர்ந்த இடமாச்சே?”

“எனக்குத் தெரியலைங்க!” என்று கத்தினாள். நீலக் கதவும் சிவப்புக் கைப்பிடியும் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அந்தத் தெருக்களை மூலை மூலையாகத் தெரிந்துவைத்திருந்த ஒருத்தி இந்த உலகத்தில் இருந்தாள். அவளைத்தான் பத்து நாற்பதுக்கு ஒரே அழுத்தில் வெளியே தள்ளியாயிற்று.

இணையதளத்தைத் திறந்தாள். ‘இந்த உதவியாளருடன் பேச உங்களுக்கு நடப்பில் ஒப்பந்தம் இல்லை’ என்றது. புதிய ஒப்பந்தம் என்பதை அழுத்தினாள். ‘இவருடைய இன்றைய நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவசர வேலைக்கு மூன்று மடங்கு கட்டணம், குறைந்தது பத்து மணி நேரம்’ என்று ஒரு தொகையும் கீழே ஒரு முழுப் பக்கம் நிபந்தனையும் வந்தன. தொகையைப் பார்க்காமலே சம்மதம் என்பதை அழுத்தினாள். இரண்டு தடவை அழுத்தினாள், ஒரு தடவைக்கு அது கேட்காமல் போய்விடுமோ என்று.

ஒன்பது நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. எண் இல்லாத அழைப்பு.

“மேடம்.” ஸ்பீக்கரில் வந்தது ஐம்பது வயதுக்குக் குறையாத குரல். கணவர் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி இல்லை; அக்காவாகவே இருக்கலாம். “காலையிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் மேடம். அப்பா எங்க?”

அப்பா எங்கே என்றுதான் கேட்டாள். ‘உங்க அப்பா’ என்று கேட்கவில்லை. டாக்டரம்மா அதைக் கவனித்தாள்.

“படம் அனுப்பறேன். பாத்துச் சொல்லுங்க. சீக்கிரம்.”

படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினாள்.

“அந்த நீலக் கதவு சலவைக்கடைக்குப் பக்கத்துச் சந்து. அங்கேர்ந்து இடது பக்கம் திரும்பியிருக்கார். சிவப்புக் கைப்பிடி...” குரல் தணிந்தது. “போன வாரம் ஒரு நாள் வாசல் வரைக்கும் போயிட்டார் மேடம். இடிக்கறதுக்காகக் காலி பண்ணின கட்டடம். உள்ள போகாதீங்க, போகாதீங்கன்னு எழுதி எழுதித் திருப்பிக் கொண்டுவந்தேன். இன்னிக்குச் சொல்ல ஆள் இல்ல.”

கணவர் போன் பக்கம் குனிந்தார். “சலவைக்கடைக்குப் பின்னாடி நாலு மாடிக் கட்டடமா?”

“ஆமா சார்.”

அவர் வேகத்தைக் கூட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் சொன்னார். “போன மாசம் எங்க ஆளுங்கதான் அங்க லிஃப்ட்டைக் கழட்டினாங்க. கதவையும் சேர்த்துக் கழட்டிட்டோம்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா ஒவ்வொரு மாடியிலயும் வெறும் குழிதான். தடுப்புக்கு ஒரு கயித்தைக் கட்டிட்டு வந்தோம்.”

டாக்டரம்மாவின் மடியில் போன் திறந்தே கிடந்தது. மறுமுனையில் அந்தப் பெண் வைக்கவில்லை.

கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். ஒரு இடத்தில் தகரம் விலகி, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து இருந்தது. உள்ளே ஈரச் சிமெண்டு வாடை. வெளியே இரண்டு மணி வெயில். நாலு படி ஏறினால் கண் தெரியவில்லை.

“அப்பா! அப்பா!”

அவள் குரல் மேலே மேலே போய் மோதித் திரும்பி வந்தது.

“மாமாவுக்குக் காது கேக்காது,” என்று கணவர் டார்ச்சை எடுத்தார். “கத்தாதே. திடீர்னு பயந்து பின்னாடி நகர்ந்தார்னா வம்பு. சுவரை ஒட்டியே வா. நான் கால் வைக்கற இடத்துலதான் நீயும் வைக்கணும்.”

முதல் மாடியில் கயிறு கட்டியபடியே இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போனார்.

இரண்டாவது மாடியில் கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து தரையில் கிடந்தது. குழியின் விளிம்புக்கு ஒரு சாண் இப்பால் ஒற்றைச் செருப்பு. பழுப்பு நிறம், குதிகால் பக்கம் தேய்ந்தது. போன பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. வாங்கியதுகூட அவள் இல்லை. ‘அப்பாவுக்கு ஒரு செருப்பு பார்த்து அனுப்பிடுங்க’ என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியதோடு சரி.

கணவர் மண்டியிட்டுக் கீழே வெளிச்சம் அடித்தார். அவர் முதுகை மட்டும் பார்த்தபடி டாக்டரம்மா சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“சொல்லுங்க,” என்றாள். “எதுவானாலும் சொல்லிடுங்க.”

டார்ச் இங்கும் அங்கும் நகர்ந்தது. “செங்கல். தண்ணி.” இன்னும் எட்டிப் பார்த்தார். “வேற ஒண்ணும் இல்ல. மாமா இல்ல.”

அவள் அப்படியே சறுக்கி உட்கார்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்.

மூன்றாவது மாடித் தாழ்வாரத்தின் கோடியில் கண்ணாடி இல்லாத ஒரு ஜன்னல் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அப்பா முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறும் கால். அவர் முன்னால் மீட்டர்கள் மாட்டும் நீளமான பலகை. மீட்டர்களை எப்போதோ கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். வட்ட வட்டமாக வெறும் துளைகள். அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, கையிலிருந்த நோட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், கோடு போட்டு, அழகான கையெழுத்தில்.

அவர் கண்ணில் படும்படியாக, பக்கவாட்டில் மெல்ல நடந்து போனாள். அப்பா நிமிர்ந்தார். ஒரு கணம் அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா பாப்பா! வலமா இடமான்னு கேட்டேன், நீ சொல்லவே இல்லியே?”

அவள் அவர் காதோடு வாயை வைத்தாள். “வேலையா இருந்துட்டேன்பா.”

“அதனால என்ன?” காது கேட்காதவர்களின் உரத்த குரலில், ஆறுதல் சொல்வது போலச் சொன்னார். “மூணு மாசமா ஒரு நாள் தவறாம என் கூடவே வந்தவ நீ. ஒரு நாள் விட்டா குறைஞ்சா போயிடும்? உங்கம்மாவைப் பத்தி நான் எழுதினதுக்கு நீ எழுதின பதிலை எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? எனக்கு இப்படி ஒரு பொண்ணான்னு இருந்துது.”

டாக்டரம்மா அவர் முழங்கையைப் பார்த்தாள். சட்டைக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது. அடிபட்ட முழங்கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் பிடிக்கிற கைதான். இப்போது எங்கே தொட்டாலும் தப்பு என்பது போல அந்தக் கை பாதியில் நின்றது.

அந்தப் பதிலை எழுதியவள் நானில்லை அப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

கணவர் மாமனாரின் தோளில் கை போட்டு, சுவர் ஓரமாகப் படிக்கட்டுப் பக்கம் நடத்தினார். “வாங்க மாமா. மெதுவா. நான் பிடிச்சுக்கறேன்.”

இரண்டு படி இறங்கியதும் அப்பா நின்றார். ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க மறுபடியும் வராங்க பாப்பா. நல்ல பசங்க. நீ அனுப்பின ஆளுங்கதானேன்னு வீட்டுச் சாவி ஒண்ணையும் அவங்ககிட்டயே கொடுத்துட்டேன்.”

“யாருப்பா? யாரு வராங்க?”

அவர் காதில் விழவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்திருந்தார்.

டாக்டரம்மா கையிலிருந்த போனைக் காதில் வைத்தாள். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருந்தாள்.

“அப்பா கிடைச்சுட்டாரா மேடம்? நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்கார்.” உடனே கேட்டாள். “நீங்க அப்பா வீட்டுக்கு யாரையாவது அனுப்பினீங்களா? குழாய்க்காரங்க, சுத்தம் பண்றவங்க, அந்த மாதிரி யாராவது?”

“இல்லியே மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நான் யாரையும் அனுப்பல.” அந்தக் குரல் சட்டென்று மாறியது. “ஆனா மூணு நாளா அவர் அதையே எழுதிக்கிட்டிருந்தார் மேடம். நீ அனுப்பின ஆளுங்க வந்தாங்க, பீரோவெல்லாம் ஒழுங்கு பண்ணிக் கொடுத்தாங்கன்னு. ஏதோ ஒரு விஷயத்தையாவது நீங்களே பாத்துக்கறீங்கன்னு எனக்கு நிம்மதியா இருந்துது. நீங்கதான் அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சு, அதை மட்டும் நான் உங்களுக்குத் தெரிவிக்கவே இல்ல.”